நாற்பத்தாறாவது ஆள்

மார்தீஸ் போய் நான்கு மாதமாகியும், அவள் இறந்துவிட்டாள் என்பதை என் கணவர் விஸ்டின் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் நான்தான் சொன்னேன். வங்கிக்குச் சொன்னேன். மின்சாரக் கம்பெனிக்கு, கார் காப்பீட்டுக்கு, நூலகத்துக்கு, அவள் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த குளத்துக்கு. ‘என் மகள் இறந்துவிட்டாள்’ என்பது மூன்றே சொல். முதல் வாரத்தில் மூன்றாவது சொல்லுக்கு முன்னால் மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டாம் மாதத்தில் வீட்டு முகவரி சொல்வதுபோலச் சொல்லப் பழகிவிட்டேன். நான் போனைக் கையில் எடுத்தாலே விஸ்டின் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். எங்கள் முயல் கூண்டுகள் அந்த நாட்களில் இருந்ததுபோல எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை.

ஜூன் கடைசியில் எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவரைச் சொல்ல வைக்கப் பாக்காதீங்க பாவ்லினா. ஆனா நீங்களே எப்பவும் முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க. ஒரு தடவையாவது அவருக்கு இடம் விடுங்க” என்றார். இனி அவருக்காக நான் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஜூலை பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, நாங்கள் பனி பார்க்கப் போனோம்.

பதிவு செய்தது மார்தீஸ்தான், ஜனவரியில். மால்டாவிலிருந்து நாங்கள் மெல்பர்னுக்கு வந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அதில் முப்பத்தொன்பது வருஷம் செயின்ட் ஆல்பன்ஸில் ஒரே வீடு. அவள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் அந்தப் பதிவைச் செய்தாள்.

“நாப்பது வருஷம் இங்க இருந்துட்டுப் பனியைத் தொட்டதில்லைன்னு வெளியில சொல்லாதீங்கப்பா, மானம் போயிடும்.”

“எனக்குத் தோணினா ஃப்ரீஸரைத் திறந்து பாத்துக்கறேன்” என்றார் விஸ்டின்.

“மூணு சீட்டு. காலையில ஏழு மணிக்குப் பஸ். நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்.”

“நீயா? ஏழு மணிக்கா? அப்போ பஸ் பதினொரு மணிக்குக் கிளம்பும்.”

அவள் எதற்கும் நேரத்துக்கு வந்தவள் அல்ல. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு, வலைப்பந்து ஆட்டம், தன்னுடைய பட்டமளிப்பு விழா, எதற்கும். பெயர் கூப்பிடும் இடங்களிலெல்லாம் அவளுக்காக விஸ்டின் குரல் கொடுப்பார். “இருக்கா, இருக்கா, ஷூ மாட்டிட்டிருக்கா.” அந்தப் பழக்கம் அவருக்கு டயர் தொழிற்சாலையில் வந்தது. அங்கே ஷிப்ட் தொடங்கும்போது ஃபோர்மேன் பெயர் படிப்பார். ரயிலைத் தவறவிட்டவனுக்காகப் பக்கத்தில் நிற்கிறவன் ‘இருக்கான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனோடு சாப்பாட்டு நேரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் அப்படி இருந்தவருக்கு மகளுக்காகச் சொல்வது பெரிய காரியமில்லை.

மார்ச் ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை, நீச்சல் குளத்தின் ஊழியர் அறையில் மார்தீஸ் கீழே விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயது முப்பத்திரண்டு.

ஜூலை முதல் வாரம் பயண நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. விஸ்டின், பாவ்லினா, மார்தீஸ், மூன்று இருக்கைகள், கதகதப்பான உடையோடு வரவும். ஒரு இருக்கையை ரத்து செய்யலாம் என்று போனை எடுத்தேன். அந்தத் தடவை விஸ்டின் கொல்லைப்புறம் போகவில்லை.

“விடு. அவ வாங்கின சீட்டு. இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

விட்டேன். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சதர்ன் கிராஸ் ஸ்டேஷன் பக்கத்தில் பஸ் நின்றது. இங்கே ஜூலை நடுக் குளிர்காலம், இன்னும் விடியவில்லை. எங்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி ஒரு பெண், பெயர் டார்சி, இருபத்தாறு வயது இருக்கலாம், காதுவரை இழுத்துவிட்ட ஆரஞ்சுத் தொப்பி. டிரைவர் மெர்வ், தலை நரைத்தவர், பேச்சு குறைவு. எங்களுக்கு முன் வரிசையில் நெவில் என்ற பெரிய தொப்பைக்காரர். அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எங்கள் வரிசையில் எனக்கு ஜன்னல், விஸ்டினுக்கு நடைபாதை ஓரம். நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கை மார்தீஸுடையது. விஸ்டின் தன் கோட்டைக் கழற்றி மடித்து அதில் வைத்தார்.

டார்சி மைக்கைப் பிடித்துப் பெயர் படித்தாள். நெவிலுக்குப் பிறகு “ஜாய்ஸ்?” என்றாள்.

“அவளுக்கும் சேத்து நானே இருக்கேன் மேட்” என்றார் நெவில். “காபி வரிசையில நிக்கிறா. கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நின்னுட்டிருந்தா.”

சிலர் சிரித்தார்கள். டார்சி ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

“ஃபருஜா குடும்பம், மூணு பேர். விஸ்டின்?”

“இருக்கேன்.”

“பாவ்லினா?”

நான் கையைத் தூக்கினேன்.

“மார்தீஸ்?”

“இருக்கா” என்றார் விஸ்டின்.

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு அவர் முகம் போன விதத்தைப் பார்த்தேன். டார்சி அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறந்தேன். சாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. அவருக்கு இடம் விடு. மூடிக்கொண்டேன். ஜாய்ஸ் இரண்டு காபியோடு மூச்சிரைக்க ஏறினாள், கதவு மூடியது, பஸ் புறப்பட்டது.

வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். கிளம்பும்போது டார்சி தலை எண்ணவில்லை. “உங்க பக்கத்து ஆள் வந்துட்டாங்களான்னு பாத்துக்கோங்க. இல்லைன்னா கையைத் தூக்குங்க” என்பாள். இங்கே பஸ்களில் அப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆள் பொறுப்பு.

“இல்லாதவன் எப்படிம்மா கையைத் தூக்குவான்?” என்றார் நெவில்.

“உங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல நெவில். நீங்க இல்லைன்னா பஸ்ஸே அமைதியாயிடும், எனக்குத் தெரிஞ்சுடும்.”

மலையடிவாரத்தில் மேரிஸ்வில் என்ற ஊரில் பூட்ஸும் நனையாத கால்சட்டையும் வாடகைக்கு எடுத்தோம். கடைப் பெண் பட்டியலைப் பார்த்து எங்கள் முன்னால் மூன்று பேருக்கான கால்சட்டைகளை எடுத்து வைத்தாள். ஒன்றை நான் திருப்பித் தள்ளினேன். விஸ்டின் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் பத்தரை மணிக்கு இறங்கினோம். இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அன்றைய பகல் நன்றாக இருந்தது. பனி நான் நினைத்ததுபோல மெத்தென்று இல்லை. ஈர உப்பை மிதிப்பதுபோலக் காலடியில் நொறுங்கியது. பழைய காட்டுத்தீயில் செத்த மரங்கள் சரிவு முழுக்க வெள்ளையாக நின்றன. பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு ஒன்றில் விஸ்டின் உட்கார்ந்தார். அறுபத்தொன்பது வயது, முழங்கால் வலி. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கீழே வரைக்கும் போய், கவிழ்ந்து, பனியில் மல்லாந்து கிடந்தார். பதறிப்போய் ஓடினேன். படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

“பாவ்லினா, இன்னொரு தடவை.”

“எலும்பு முறிஞ்சா நான் தூக்க மாட்டேன்.”

“அதுக்குத்தான் அந்த மீட்புக் குழு இருக்காங்களே. ஏதாவது வேலை கொடுக்க வேணாமா?”

ஐந்து தடவை சறுக்கினார். பிறகு நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பஸ்டிட்ஸியை, பட்டாணி அடைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறிப்போய் மாவு கெட்டியாக இருந்தது. எட்டு எடுத்து வந்திருந்தேன், இரண்டு மிஞ்சியது. அவர் காகிதத்தைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. ஆலங்கட்டிபோலச் சின்னச் சின்னதாய் ஏதோ முகத்தில் குத்தியது. மூன்றேகாலுக்கு எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும். மலையை விட்டு இறங்கும்போது மட்டும் பக்கத்து ஆளைக் கேட்கும் முறை கிடையாது. தலையை எண்ணி, அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க விடுவார்கள்.

டார்சி முன்னாலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து முன்னால் வந்தாள். பட்டியலில் நாற்பத்தாறு. தலை நாற்பத்தைந்து.

“மெர்வ், நீங்க ஒரு தடவை எண்ணுங்களேன்.”

மெர்வ் எண்ணினார். “நாப்பத்தஞ்சு.”

டார்சி பெயர்களைப் படித்தாள். எங்கள் குடும்பம் வந்தது. “மார்தீஸ்?” என்றாள். மறுபடி கூப்பிட்டாள். எல்லாத் தலையும் திரும்பியது.

நான் விஸ்டினைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“வந்துடுவா” என்றார். “அவ எப்பவும் லேட்டு.”

“கடைசியா எங்க இருந்தாங்க? பாத்ரூம் பக்கமா?”

“இருக்கலாம்.”

“போன் பண்ணிப் பாத்தீங்களா?”

“எடுக்க மாட்டா.”

டார்சி இறங்கி ஓடினாள். விஸ்டினும் இறங்கினார். நான் பின்னாலேயே போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன்.

“விஸ்டின், என்ன பண்ற நீ? சொல்லிடு.”

“அஞ்சு நிமிஷம்.”

“அந்தப் பொண்ணு பயந்துபோய் ஓடுறா.”

“அஞ்சே நிமிஷம், பாவ்லினா. யாராவது அவளைத் தேடட்டும். அஞ்சு நிமிஷம் தேடட்டும், அப்புறம் சொல்லிடறேன்.”

அவருக்குப் புத்தி பிசகவில்லை. நடப்பதெல்லாம் தெரிந்துதான் பேசினார். நான் அப்போதே டார்சியின் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கழிப்பறை வாசலில் நின்று அவள் “மார்தீஸ், மார்தீஸ்” என்று கூப்பிடுவது கேட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது. கடைக்குள் போய்க் கூப்பிட்டாள். சறுக்குச் சரிவின் அடியில் நின்று கூப்பிட்டாள். அவளுடைய குரல் நன்றாக எட்டியது. நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பஸ் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நெவில் பேசுவது வெளியே வந்தது.

“ஒரு பொண்ணுக்காக நாப்பத்தஞ்சு பேரு உறையணுமா? எல்லாப் பஸ்லயும் இப்படி ஒருத்தி இருப்பா.”

“எனக்கு அந்தப் பொண்ணைப் பாத்த ஞாபகமே இல்லையே” என்றாள் ஜாய்ஸ்.

“காதுல எதையாவது மாட்டிக்கிட்டுப் பின்னாடி உக்காந்திருந்திருக்கும்.”

“வாயை மூடு நெவில். அவங்கப்பா வெளியில நிக்கிறாரு.”

ஐந்து நிமிஷம் ஆனது. டார்சி திரும்பி வரவில்லை. அவள் நேராக மீட்புக் குழுவின் அறைக்குப் போய்விட்டாள். ஆள் காணோம் என்றால் அவள் செய்ய வேண்டியது அதுதான், அவளைக் குறை சொல்ல முடியாது. வாக்கி டாக்கி பிடித்த ஒருவர் எங்களைத் தேடி வந்து, “அப்பா, அம்மா நீங்கதானா? உள்ள வாங்க” என்று கூட்டிப் போனார்.

சின்ன அறை. மூலையில் ஹீட்டர். மேஜைக்குப் பின்னால் அலிஸ்டர் என்று பெயர் தைத்த சிவப்பு ஜாக்கெட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் படிவம் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். டார்சி வாசலில் நின்றாள். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தாள். பனியில் ஓடும் மோட்டார் வண்டியைச் சன்னலுக்கு வெளியே இரண்டு இளசுகள் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் விளக்கு பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

“பயப்படாதீங்க. முக்காவாசி ஆளுங்க ஏதாவது ஒரு பாதையில வழி மாறி நின்னுட்டிருப்பாங்க” என்றார் அலிஸ்டர். “சீக்கிரமா சில கேள்வி. வயசு?”

“முப்பத்திரண்டு” என்றார் விஸ்டின்.

“உயரம்?”

“என் தோள் அளவு. அஞ்சடி மூணு.”

“முடி?”

“கறுப்பு. சுருட்டை. ஈரமா இருந்தா நீளமாத் தெரியும்.”

“என்ன போட்டிருக்காங்க?”

“மஞ்சள் ஜாக்கெட்டு.”

அது உண்மைதான். மழைக்கு அவளிடம் இருந்தது அந்த மஞ்சள் ஜாக்கெட்தான். இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

“அடையாளம் ஏதாவது?”

“இடது புருவத்துல ஒரு தழும்பு. நாலு வயசுல ஊஞ்சல் இடிச்சது.”

அலிஸ்டர் ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதினதை வாக்கி டாக்கியில் சொன்னார். மஞ்சள் ஜாக்கெட், சுருட்டை முடி, ஐந்தடி மூன்று. வெளியே வண்டி உறுமிக்கொண்டு மேகத்துக்குள் போனது. விஸ்டின் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அந்தச் சத்தம் போகிற திசையையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் நல்லதாகச் சொல்லும்போது அப்பன்மார் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“உடம்புக்கு ஏதாவது உண்டா? ஆஸ்துமா, வலிப்பு?”

“இல்ல. தலைவலி. அதுவும் ஒரே ஒரு தடவை.”

இதற்குமேல் என்னால் முடியவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ இரண்டு பேர் கண் தெரியாத மேகத்துக்குள் போயிருக்கிறார்கள். நான் எழுந்தேன். “ஐயா” என்றேன். அலிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த கேள்வியை முடித்துக்கொண்டிருந்தார்.

“கடைசியா அவங்களை எப்போ, எங்க பாத்தீங்க?”

ஹீட்டர் சத்தம் கேட்டது. அலிஸ்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

“மார்ச் பதினொண்ணு” என்றார் விஸ்டின். “செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில, நாலாவது மாடி.” பிறகு, “செத்துட்டா. என் பொண்ணு செத்துட்டா” என்றார்.

அலிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் வாக்கி டாக்கியை எடுத்து, “ரெண்டு பேரும் திரும்பி வாங்க. ஆளு மலையில இல்ல. பதற வேணாம், மெதுவா வாங்க” என்றார்.

டார்சிதான் முதலில் பேசினாள்.

“நான் ஒரு ஆளைத் தொலைச்சுட்டேன்னு நெனச்சேன். என் கையில ஒரு ஆளு செத்துட்டாங்கன்னே நெனச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியும்ல? காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெர்வுக்குச் சொல்லப் போனாள். போனவர்கள் திரும்பி வரும்வரை தான் இங்கேயே இருக்க வேண்டும் என்றார் அலிஸ்டர். எங்களையும் இருக்கச் சொன்னார். கேத்தலில் தண்ணீர் வைத்தார். அந்த நேரத்தில்தான் விஸ்டின் பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அலிஸ்டரையும் பார்க்கவில்லை. கேத்தலைப் பார்த்துப் பேசினார்.

“அவ விழுந்த அன்னிக்கு, வியாழக்கிழமை காலையில, எனக்கு போன் பண்ணினா. ஆறரை மணி. இவ குளிச்சிட்டிருந்தா. அப்பா, தலையைப் பொளக்குதுப்பா, இந்த மாதிரி வந்ததே இல்லன்னா. வேலைக்கு லீவு சொல்லட்டுமான்னு கேட்டா.”

அலிஸ்டர் கேத்தலை அணைத்தார்.

“அதுக்கு முந்தின வாரம்தான் லேட்டா வர்றான்னு அங்க எழுத்துல எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. நான் அதைத்தான் நெனச்சேன். ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுக் கிளம்பு, இன்னிக்காவது நேரத்துக்குப் போ, எல்லா இடத்துலயும் வந்து உனக்காக நான் ‘இருக்கா’ன்னு சொல்லிட்டிருக்க முடியுமான்னு கேட்டேன். சிரிச்சா. சரிப்பான்னா. அன்னிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போயிட்டாளாம். அங்க வேலை செய்யுற பொண்ணு சொல்லிச்சு.”

நான்கு மாதம் அவரோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்தேன். இந்தப் போனைப் பற்றி எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அலிஸ்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டார். இரண்டு என்றார் விஸ்டின்.

நான்கு மணி வாக்கில் வண்டி திரும்பி வந்தது. ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரின் புருவத்திலும் பனி ஒட்டியிருந்தது. விஸ்டின் வெளியே போய் அவர்கள் முன்னால் நின்றார்.

“மன்னிச்சுக்கோங்க. இல்லாத ஆளைத் தேட வச்சுட்டேன்.”

அலிஸ்டர் அவர்களுக்கு என்ன சொல்லியிருந்தார் என்று தெரியாது. அந்தப் பெண் தன் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்தாள். “பரவால்ல. நாங்க நல்லாத்தான் தேடினோம்” என்றாள்.

பஸ் வாசலில் டார்சி நின்றிருந்தாள். “உள்ள எல்லாரும் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?” என்று என்னிடம்தான் கேட்டாள். பழக்கத்தில் நானும் பதில் சொல்லப் போனேன்.

“நான் சொல்றேன்” என்றார் விஸ்டின்.

மைக்கை வாங்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “என் பொண்ணு பஸ்ஸுல வரவே இல்ல. மார்ச்சுல இறந்துட்டா. பேரைக் கூப்பிட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு. உங்களையெல்லாம் குளிர்ல காக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க.” சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். டார்சி பட்டியலில் எதையோ மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே கொடுத்தாள். மெர்வ் வண்டியை எடுத்தார்.

நெவில் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கழுத்துப் பின்புறம் சிவந்திருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, இருக்கைகளுக்கு நடுவில் அவர் கை மட்டும் பின்னால் வந்தது. ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலம். விஸ்டின் ஒன்று எடுத்துக்கொண்டார். கை போகவில்லை. நானும் ஒன்று எடுத்துக்கொண்ட பிறகுதான் போனது.

மேரிஸ்வில்லில் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். கிளம்பும்போது இருட்டிவிட்டது. மலைப் பாதையில் உயரமான மரங்கள் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள்.

“அந்த போன் விஷயம்” என்றேன். “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ என்ன நெனைப்பேன்னு தெரியும்.”

“என்ன நெனைப்பேன்?”

“போனை நீ எடுத்திருந்தா அவளை வேலைக்குப் போக விட்டிருக்க மாட்டே. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பே. இப்போ உயிரோட இருந்திருப்பா.” தாழ்ந்த குரலில், கோபமில்லாமல் சொன்னார். “அப்படித்தானே?”

அப்படி இல்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினெட்டு வருஷம் நான் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தவள். ‘இந்த மாதிரி வந்ததே இல்லை’ என்று யாராவது தலையைப் பிடித்தால் உடனே நர்ஸைக் கூப்பிட மணியை அடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அடித்தும் இருக்கிறேன், இரண்டு தடவை. அவர் கேட்ட அந்த நிமிஷம் அதுதான் என் மனசில் வந்து நின்றது. நான் பேசாமல் இருந்ததை அவர் பார்த்தார். முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வளைவுகள் முடிந்து ஹீல்ஸ்வில் ஊரின் தெரு விளக்குகள் வரும்வரை யோசித்தேன். பதினாறு வயதில் கணினி முன்னாலேயே உட்கார்ந்து அவளுக்கு வந்த தலைவலிபோலத்தான் இதுவும் என்று நானும் எடுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. சொந்தப் பிள்ளை என்றால் கற்றுக்கொண்டதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“நானும் மாத்திரை போட்டுட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பேன், விஸ்டின்” என்றேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, கேட்டும் கேட்காததுபோல இருந்தாரா என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.